கோட்டைமுனையில் அச்சாகிறது

எட்டரைக்கு வாகரைக் கிளையைத் திறந்தால்
முதலில் விளக்குமாறு, பிறகு கடவுச்சொல்.
என் திரைக்குள் இன்னொரு திரை எழும்புகிறது:
அறுபது கிலோமீற்றர் தெற்கே, கோட்டைமுனையில்,
மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கும் பழைய பெட்டி.
பச்சை மேடு, நீல வானம்.
மாவட்டத்தில் எங்கும் இல்லாத மேடு.

சங்கத்தின் அடகுக் கணக்கு முழுதும் அதற்குள்தான்.
தொண்ணூற்றெட்டில் ரிஸ்மி எழுதிக்கொடுத்த நிரல்.
புதுக் கணினியில் போட்டுப் பார்த்தோம்,
வெள்ளைச் சன்னல் ஒன்றைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது.
ரிஸ்மி இப்போது தோஹாவில்
லிப்ட் விற்கிறாராம்.

சுட்டியை நகர்த்துகிறேன்.
அங்கே அம்பு யோசிக்கிறது.
மாரி நாளில் நடுவே மூன்று மூச்சு விடலாம்.
'தயவுசெய்து காத்திருக்கவம்' என்கிறது நிரல்.
அன்றைக்கு ரிஸ்மியின் விரல் ஷிப்ட்டைத் தவறவிட்டது;
இருபத்தாறு வருடமாக நாங்கள்
பிழையோடுதான் காத்திருக்கிறோம்.

அங்கிருந்து ஒரு பெயரைப் பிரதியெடுத்து
இங்கே ஒட்டினால் ஆங்கில எழுத்தாய்ச் சிதறும்.
பாமினி எழுத்துரு அந்தப் பெட்டியில் மட்டும்.
செல்லத்தங்கத்தின் நான்கு புள்ளியும்
நான்கு அரைப்புள்ளியாகி
வரிக்குள் இறங்கி நிற்கும்.

ஒருவர் இருக்க இன்னொருவருக்கு இடமில்லை.
வாழைச்சேனையில் ஜெனோஜா உள்ளே வந்தால்
சொல்லாமல் கொள்ளாமல் நான் வெளியே.
'நீ இறங்கு, நான் ஏறுறேன்' என்று
போனில் பேசிக்கொள்வோம்.
முகம் பார்த்ததில்லை.
ஆனால் பெயருக்குப் பின்னால் இரண்டு வெற்றிடம் விடுவாள்,
தொகையைப் பாதியில் விட்டு எழும்பிப் போவாள்;
நான் நுழையும்போது
அவள் விட்ட இடத்தில் கோடு துடித்துக்கொண்டிருக்கும்.

அந்த வியாழன், மழை.
செல்லத்தங்கம் மகளோடு வந்தாள்.
இரண்டு மணிக்குப் பதிவுக்காரர்,
அதற்குள் சங்கிலி வேண்டும்.
நனைந்த தாள்களை ஒவ்வொன்றாய் உரித்து எண்ணினேன்.
சரி. ரசீது அச்சிடு என்று அழுத்தினேன்.
என் பக்கத்து அச்சுப்பொறி அசையவில்லை.
மறுபடி. மறுபடியும்.
'மறுகா வரவா புள்ள?' என்றாள்.
மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்க்கவில்லை.

தலைமையகத்தில் எல்லாரும் கூட்டத்தில்.
போனை எடுத்தவர் காவல்காரர் பூபாலபிள்ளை.
'ஓம் புள்ள, இஞ்ச ஒரு தாள் வந்து கிடக்கு.
மெசின் தன்ட பாட்டுக்குக் கத்திச்சு,
நான் பயந்திட்டன்.'
வாசியுங்கள் என்றேன்.
வாசித்தார். ரிப்பன் மங்கியிருந்தது,
மூன்றா எட்டா என்று
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்.
'வச்சது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்துமூண்டு.
மீட்டது இருபத்துநாலு.
என்ன புள்ள, வெள்ளைக்காரன்ட காலத்துச் சங்கிலியா?'
நிரலுக்கு வருடம் இரண்டு இலக்கம்தான்.
நூறு வருடம் தப்பினாலும்
வட்டி சதம் பிசகவில்லை.

அவர் குரலைப் பார்த்து எழுதினேன்.
கார்பன் வைத்து, சீல் குத்தி, கையெழுத்து வாங்கி,
பெட்டகத்திலிருந்து சங்கிலியை எடுத்துக் கொடுத்தபோது
ஜெனோஜா உள்ளே வந்துவிட்டாள் போல,
என் திரை கறுத்தது.
அந்தக் கறுப்பைக் கண்ணாடியாக்கி
மகளின் கழுத்தில் கொக்கி மாட்டினாள் செல்லத்தங்கம்.
முதல் தரம் நழுவியது.
இரண்டாம் தரம் பிடித்தது.
ஒன்றரை மணி பஸ் ஹோர்ன் அடித்தது, ஓடினார்கள்.

பின்னேரம் பூட்டும் நேரத்தில் போன்.
பூபாலபிள்ளை. பின்னால் அச்சுப்பொறியின் கத்தல்.
நான் அழுத்தியதெல்லாம்
ஒவ்வொன்றாய்ப் போய்ச் சேர்ந்திருக்கிறது.
'புள்ள, அந்த மனுசி
இதோட மூணு தரம் மீட்டிட்டா.
கிழிக்கிறதா, வைக்கிறதா?'